காற்றா, குளிரா? வாடகை கார் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, இப்போது ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் சகோதரிகளே,



பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும் சென்னையில் கார் ஏசி பார்க்கும் ஷெட்டுகளின் வாசலில் டி போர்டு வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். கதவைத் திறந்து இறங்கும்போதே உங்களில் பலர், "ஏசி வேலை செய்யல அண்ணே, கேஸ் அடிச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்குவீர்கள். என்ன பழுது என்று பார்ப்பதற்கு முன்பே பரிகாரம் முடிவாகிவிட்டது. எதிரே நிற்பவர் நிதானமானவராக இருந்தால், "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். அவசரக்காரராக இருந்தால் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவார். நீங்கள்தானே கேட்டீர்கள்!

என் வேலை கார் எலக்ட்ரிகல். வயர், ரிலே, மோட்டார் என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே பிழைப்பு நடக்கிறது. கேஸ் அடித்தும் தேறாமல், கூலிங் காயில் மாற்றியும் தேறாமல், கடைசியில் எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேரும் வண்டிகளில் பலவற்றில் பழுது குளிர்விக்கும் அமைப்பிலேயே இருக்காது. அந்தக் குளிரை உள்ளே தள்ளிவிடும் விசிறியில் இருக்கும். இல்லையென்றால் அந்த விசிறிக்குக் கரண்ட் கொண்டுவரும் வயரிலோ, கரண்ட் திரும்பிப் போகும் எர்த்திலோ இருக்கும். அதற்குள் ஒரு நாள் சவாரி போயிருக்கும். மாதத் தவணைக்கு எடுத்து வைத்த பணத்திலும் கை வைத்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பழுது இதுதான் என்று கண்ணுக்குக் காட்டாத வரை எந்தப் பொருளுக்கும் காசு கொடுக்காதீர்கள். கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை, ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நீங்களே செய்துவிடலாம்.

ஏசி வேலை செய்யவில்லை என்று சொல்லும்போது இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் தெரிய வேண்டும். காற்றே வரவில்லையா? அல்லது காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லையா? இதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். சாவியைப் போடுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏசி பட்டனை அணைத்துவிட்டு, விசிறி நாபை மட்டும் 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் விசிறி சுற்றும். அப்படியானால் ஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் வென்ட்டில் கையை வையுங்கள், காதையும் கொடுங்கள். சத்தமும் ஏறி, காற்றும் ஏறினால் விசிறி மேல் குற்றமில்லை. சத்தம் ஏறுகிறது, காற்று மட்டும் சன்னமாக வருகிறது என்றால் வழியில் அடைப்பு. சத்தமே இல்லையென்றால் கரண்ட் பிரச்சினை, அல்லது மோட்டார் போய்விட்டது. மூன்றும் மூன்று வேறு வேலை, மூன்று வேறு செலவு.

விசிறி நன்றாக ஓடுகிற வண்டிக்குத்தான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். அதிலும் ஒன்றை மனதில் வையுங்கள். ஆர்-134ஏ என்றும் வேறு பெயர்களிலும் நீங்கள் கேள்விப்படும் அந்த கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வருடக்கணக்கில் ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் இரண்டாவது தடவை அடிக்க வேண்டி வந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் மறுபடி நிரப்புவது காசை வெளியே விடுகிற வேலை. கேஜை மாட்டி, எவ்வளவு பிரஷர் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு அடிக்கட்டும்.

விசிறி செத்துப்போன வண்டியில் கேஸ் மீதும் கம்ப்ரசர் மீதும் பழி விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல வண்டிகளில் விசிறி நாப் பூஜ்யத்தில் இருந்தால், ஏசி பட்டனை அழுத்தினாலும் கம்ப்ரசர் பிடிக்காது. வேண்டுமென்றேதான் அப்படி வயரிங் செய்திருக்கிறார்கள். காற்று ஓடாமல் கம்ப்ரசர் மட்டும் ஓடினால், உள்ளே இருக்கும் கூலிங் காயில் பனிக்கட்டி பிடித்து உறைந்துவிடும். ஆகவே நாபிலோ அதன் கரண்ட்டிலோ பழுது வந்தால் சில வண்டிகளில் கம்ப்ரசரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்து, "கம்ப்ரசர் பிடிக்கலையே, கேஸ் இல்ல" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னால், உள்ளே விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாரா என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், வண்டியில் இருக்கும் இரண்டு விசிறிகளால் வருகிறது. டேஷ்போர்டுக்குள் இருப்பது புளோயர். முன்பக்கம் ரேடியேட்டரோடும் கண்டென்சரோடும் சேர்ந்து இருப்பது ரேடியேட்டர் ஃபேன். வண்டி ஓடும்போது ஏசி ஜில்லென்று இருந்து, கத்திப்பாரா நெரிசலில் நின்றவுடன் வெதுவெதுப்பாகிவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்பக்க ஃபேனைத்தான். ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடும். நிற்கிற வண்டியில் அந்த ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்து, அது சுற்றுகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும். ஆகவே கண்ணால் மட்டும் பாருங்கள், கையை உள்ளே விடாதீர்கள். இந்தப் பழுதைக் கவனிக்காமல் விட்டால் ஏசியோடு நிற்காது, இன்ஜின் சூடேறித் தலைவலியில் கொண்டுபோய் விடும்.

திண்டிவனம், விழுப்புரம் என்று நீண்ட சவாரி போகிறவர்கள் சொல்லும் புகார் வேறு மாதிரி. கிளம்பும்போது காற்று பிரமாதமாக வந்தது, ஒரு மணி நேரம் கழித்து விசிறி சத்தம் அப்படியே இருக்க, காற்று மட்டும் குறைந்துகொண்டே போய் நின்றேவிட்டது. டீக்கடையில் நிறுத்தி இறங்கினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டுகிறது. மறுபடி கிளம்பினால் காற்று வந்துவிட்டது! இதில் புளோயர் நிரபராதி. கூலிங் காயில் பனிபிடித்து, காற்று போகும் இடுக்குகளை அடைத்துக்கொண்டது. நிறுத்தியதும் உருகியது, அவ்வளவுதான். காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து கம்ப்ரசரை நிறுத்தும் சென்சார் கெட்டிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்தாலும் இப்படி உறைவதுண்டு. சவாரியில் இருக்கும்போது இது நடந்தால் ஏசி பட்டனை மட்டும் அணைத்து, விசிறியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று திரும்பி வந்தால் உறைந்ததுதான் காரணம் என்று உறுதி. ஷெட்டில் இந்தத் தகவலை மறக்காமல் சொல்லுங்கள். ஷெட்டுக்கு வந்து நிற்கும் வண்டியில் பனி உருகிப்போயிருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

சத்தம் இருந்தும் தொடக்கத்திலிருந்தே காற்று குறைவு என்றால் குளோவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் கேபின் ஃபில்டரும் புளோயரும் இருக்கின்றன. நிழல் கிடைத்ததே என்று வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் கீழே நிறுத்துகிறீர்கள். முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. சருகும் பூவும் அதே வழியில் இறங்குகின்றன. ஃபில்டர் இருக்கிற வண்டியில் அவை ஃபில்டரின் மேல் மெத்தையாகப் படியும். மலிவான மாடல்கள் சிலவற்றில் ஃபில்டருக்கு இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. அந்த வண்டிகளில் சருகு நேராகப் புளோயர் சக்கரத்துக்குள் விழும். மல்லாக்கப் படுத்து, மூன்று திருகைக் கழற்றி, மோட்டாரைக் கீழே இறக்கினால், காய்ந்த புங்க இலை, பயணி யாரோ விட்டுப்போன பில்லின் துணுக்கு, எலி கடித்துக் கொண்டுவந்த பஞ்சு எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் ஒரு பக்கத்தில் அப்பிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் பாரம் ஏறிய சக்கரம் சுற்றும்போது டேஷ்போர்டே அதிரும். 'டக டக'வென்று நாபின் வேகத்துக்கு ஏற்ப வரும் சத்தம் பெரும்பாலும் இந்தச் சருகுதான். 'கிரீச்'சென்று காலையில் மட்டும் கேட்டுப் பிறகு அடங்கும் சத்தம் மோட்டாரின் புஷ் தேய்ந்ததற்கு அடையாளம். முதலாவதற்குப் பிரஷ் போதும். இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது சத்தமே இல்லாத வண்டிக்கு வருவோம். இங்கே நாபின் நான்கு நிலைகளும் உங்களிடம் பேசும். 1, 2, 3 மூன்றிலும் ஓடாமல் 4-இல் மட்டும் காற்று முழு வேகத்தில் வருகிறதா? மோட்டார் நன்றாக இருக்கிறது. புளோயர் ரெசிஸ்டரைப் பாருங்கள். குறைந்த வேகங்களில் கரண்ட் அந்த ரெசிஸ்டரின் சுருள்கள் வழியாகச் சுற்றிப் போகிறது. 4-இல் சுருள் எதையும் தொடாமல் நேரே போகிறது. சுருளோ, அதைக் காக்க வைத்திருக்கும் தெர்மல் ஃபியூஸோ போனால் மற்ற வேகங்கள் நின்று, 4 மட்டும் மிஞ்சும். இடையில் ஒரு வேகம் மட்டும் இல்லையென்றால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது, அல்லது நாபின் உள்ளே அந்த ஒரு கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. மற்றவை ஓடி 4 மட்டும் ஓடாவிட்டால், முழு வேகத்துக்கான வயரையோ ரிலேயையோ சோதிக்க வேண்டும். எதிலுமே ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்று வரிசையாகப் போக வேண்டும். தானாக வெப்பநிலை பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஏசி வண்டிகளில் சுருளுக்குப் பதில் ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அது கெட்டால் விசிறி ஓடாமலே போகலாம், அல்லது சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

எதிலுமே ஓடாத வண்டியில் நாபை 4-இல் வைத்துவிட்டு, குளோவ் பாக்ஸுக்கு அடியில், புளோயர் இருக்கும் இடத்தில், கையால் ஓங்காமல் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடத் தொடங்கினால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து, உரச வேண்டிய இடத்தில் உரசாமல் நிற்கிறது. இன்று தட்டினால் ஓடும், அடுத்த வாரம் ஓடாது. மோட்டார் மாற்றுவதற்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

தட்டியும் ஓடாவிட்டால் டெஸ்ட் லேம்ப் எடுக்க வேண்டும். விலைக்கு வாங்கவும் வேண்டாம். 12 வோல்ட், 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு வயர், ஒரு கிளிப். இந்தப் பல்பைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். பல்பு இழுக்கும். வயர் பலவீனமாக இருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மோட்டாருக்குப் போகும் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு, நாபை 4-இல் வைத்து, கழற்றிய கப்ளரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பல்பைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் கரண்ட்டும் வருகிறது, எர்த்தும் கிடைக்கிறது. இருந்தும் ஓடாத மோட்டார்தான் குற்றவாளி. எரியாவிட்டால் மோட்டாரைத் தொடாதீர்கள். பல்பின் ஒரு வயரைக் கதவுக் கீலின் போல்ட்டில், பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டிவிட்டு, மற்ற வயரால் கப்ளரின் இரு முனைகளையும் தனித்தனியே தொடுங்கள். ஒன்றில் எரிந்தால் பிளஸ் வந்துவிட்டது, திரும்பும் வழிதான் எங்கோ அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் நாபும் ரெசிஸ்டரும் அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கின்றன. இரண்டிலும் எரியவில்லையென்றால் பிளஸ்ஸே வரவில்லை. ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். மோட்டாருக்குக் காசு கேட்பவரிடம் இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொன்னாலே போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அதே இடத்துக்கு மேலேதான் பயணி பக்கத்து ஏர்பேக்கும் இருக்கிறது. மஞ்சள் நிறக் கப்ளரும், மஞ்சள் உறை போட்ட வயரும் ஏர்பேக்குடையவை. அவற்றின் பக்கம் பல்போ மீட்டரோ போகவே கூடாது.

ரெசிஸ்டர் மாற்றிய சில மாதத்திலேயே மறுபடியும் அதே ரெசிஸ்டர் போய்விட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கினாலும், புதுப்பேட்டையில் பழையது வாங்கினாலும் கதை மாறாது. பொருள் மட்டமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அதை எரித்தது யார் என்று பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்து இறுகிய மோட்டார், சுற்றுவதற்கே வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் இழுக்கும். குறைந்த வேகங்களில் அந்த முழுக் கரண்ட்டும் ரெசிஸ்டர் வழியாகவும் கப்ளர் வழியாகவும்தான் போயாக வேண்டும். கப்ளரின் பித்தளை முனையில் களிம்பு ஏறி, பிடி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாப் 4-இல் இருக்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் முனைகளில் 10 வோல்ட் என்றால் வழியில் 3.5 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. மோட்டார் 12 ஆம்பியர் இழுத்தால், அந்த இழப்பு 42 வாட் வெப்பம். கடையில் ஈயம் உருக்க நாங்கள் பிடிக்கும் சால்டரிங் அயர்னுக்கு ஈடான சூடு அது. ஒரே கப்ளரில் அந்தச் சூடு முழுவதும் இறங்கினால் பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு கறுத்து, கடைசியில் உருகிப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றிய ரெசிஸ்டரைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அதன் கப்ளரை முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை இருந்தால் கப்ளரையும் மாற்ற வேண்டும், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்கவும் வேண்டும். அதைச் செய்யாமல் ரெசிஸ்டர் மட்டும் மாற்றினால் அதுவும் எரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் நின்று நனைந்த வண்டிகள் சென்னையில் ஏராளம். அப்படி நனைந்த வண்டியை யார் கையிலிருந்தோ வாங்கியிருந்தால், இந்தக் கப்ளர்களை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இறங்கி மாதங்கள் கழித்துத்தான் களிம்பு தன் வேலையைக் காட்டும். மழை பெய்தால் பயணி காலடி மிதியடி நனைகிறது என்றால், முன்கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வடியும் வழி அடைத்து, புளோயர் மேலேயே சொட்டிக்கொண்டிருக்கலாம். வெயில் காலத்திலும் ஏசி போட்டால் நனைகிறது என்றால் காயிலின் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இனி, கைகூப்பிக் கேட்டுக்கொள்வது. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். சாதாரண பிளேடு ஃபியூஸில் 20 ஆம்பியர் மஞ்சள், 30 பச்சை, 40 ஆரஞ்சு. 20 இருந்த இடத்தில், "தாங்கும்" என்று 40 போட்டால் ஃபியூஸ் தாங்கும், வயர் தாங்காது. தாமிரக் கம்பியைச் சுற்றி வைப்பது அதைவிட மோசம். ரெசிஸ்டரின் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது என்றால், குறுக்கே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்து, "புதுசு எதுக்கு, இதுவே ஓடும்" என்று தரும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அது ஓடும், மறுக்கவில்லை. மோட்டார் இறுகி, ரெசிஸ்டர் கனன்று, பக்கத்தில் காய்ந்த சருகு கிடக்கும் நாள் வரைக்கும் ஓடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸாஃபிரா பி என்ற குடும்பக் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. 2015-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. ஹீட்டர் விசிறியின் ரெசிஸ்டரிலும் அதன் தெர்மல் ஃபியூஸிலும் முறையற்ற விதத்தில் கை வைத்ததே காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. அதோடு முடியவில்லை. 2016-இல் இரண்டாவது தடவையும் திரும்ப அழைத்து, மோட்டாரையும் ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று. நிறுவனம் மந்தமாக நடந்துகொண்டது என்று 2017-இல் நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. குளிர்நாட்டில் ஹீட்டருக்காக ஓடிய அதே விசிறிதான் உங்கள் வண்டியில் ஏசிக்காக ஓடுகிறது. அதே மாதிரி சுருள், அதே மாதிரி ஃபியூஸ். பயணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நீங்கள்.

ஆம், ஹீட்டருக்கும் ஏசிக்கும் விசிறி ஒன்றுதான். சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். மார்கழியில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சவாரி ஏற்றும்போது அதன் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்கு பேர் ஈரத்தோடு ஏறி உட்கார்ந்தால் முன்கண்ணாடி பனித்துப் போகிறதே, அதை விலக்குவதும் இதே விசிறிதான். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால், காயில் ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடியைத் தெளிவாக்கும். விசிறி ஓடாத வண்டியில் அது முடியாது, துணியால் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டியதுதான். ஆகவே மழைக்காலம் வருகிறதே, ஏசியை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விசிறிப் பழுதைத் தள்ளிப்போடாதீர்கள். அது சொகுசுக் கணக்கில் வராது. வைப்பரோடு சேர்த்து எண்ண வேண்டிய பொருள்.

ஹீட்டர் பக்கத்தில் கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜினின் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ஹீட்டர் கோருக்குள் ஓடுகிறது. விசிறி அதன் வழியாகக் காற்றைத் தள்ளுகிறது. காற்று நன்றாக வந்து சூடு மட்டும் வராவிட்டால், இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் எவ்வளவு ஓட்டினாலும் ஏறாமல் கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கலாம். வண்டிக்குள் இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு படிந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. மலையேற்றத்தில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, விசிறியை 4-இல் ஓட்டுங்கள். உள்ளே வியர்க்கும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

இவ்வளவையும் நீங்களே கழற்றி மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கழற்றுவதற்கு நாங்கள் இருக்கிறோம். ஆனால் ஷெட்டுக்கு வரும்போது, "கேஸ் அடிங்க" என்று சொல்லாமல், கண்டதைச் சொல்லுங்கள். "1, 2, 3 ஓடல, 4 மட்டும் ஓடுது." "ஒரு மணி நேரம் ஓடினா காத்து நிக்குது, சத்தம் நிக்கல." "சிக்னல்ல சூடு, ஓடினா கூல்." இப்படி ஒரு வாக்கியம் சொன்னால், நேர்மையான மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம். ஏமாற்ற நினைப்பவருக்கோ, இவரிடம் கதை விட முடியாது என்று தெரிந்துவிடும். கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் மாற்றினேன் என்றால் பழைய மோட்டாரைப் பேட்டரியில் வைத்து, ஓடவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். சோதித்துப் பார்ப்பதும் உழைப்புதான். அதற்குக் கூலி கேட்டால் மனதாரக் கொடுங்கள். பார்த்ததற்குக் காசா என்று நீங்கள் முகம் சுளிப்பதால்தான், பார்க்காமலே பொருள் மாற்றும் வழக்கம் எங்கள் தொழிலில் வளர்ந்திருக்கிறது. இதில் பாதிப் பொறுப்பு உங்களுடையது என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒரு யோசனை. சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு, விமான நிலையம் என்று நீங்கள் கூடும் ஸ்டாண்டுகளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு பெட்டி வையுங்கள். ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு சாதாரண மல்டிமீட்டர், எல்லா ஆம்பியரிலும் இரண்டிரண்டு ஃபியூஸ், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய பெயின்ட் பிரஷ். விவரம் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டட்டும். சங்கக் கூட்டத்தில் கட்டண உயர்வு பற்றிப் பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், என் ஷெட் நண்பர்களும் வருவார்கள். மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். கூட்டத்தை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டால் நல்லது.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு கார் எலக்ட்ரீஷியன்